வட்டாரத்தின் முதல் பட்டதாரி

முன்னறையில் இருந்தவர்கள்: கிடங்கு ஒன்றின் இரவுக் காவலாளி, அவர் மனைவி, அவர்கள் மகள், மகள் கட்டிக்கொள்ள விரும்பும் பையனின் அப்பா, அம்மா. கூடவே, யாரும் கூப்பிடாமல் வந்து உட்கார்ந்த ஒரு கணக்கெடுப்புக்காரப் பெண். பையன் வேலையில் மாட்டிக்கொண்டான். கொடுத்து வைத்தவன்.

"வட்டாரவாரியா, எந்த வீட்ல யார் எதுவரைக்கும் படிச்சிருக்காங்கன்னு எடுக்கறோம்" என்றாள் அந்தப் பெண், கையகலக் கருவியை மடியில் வைத்துக்கொண்டு. "குடும்பத் தலைவர் என்ன படிச்சிருக்கீங்க சார்?"

காவலாளி படித்தது ஒன்பதாவது. அதிலும் பாதி. ஆனால் பையனின் அப்பா படிப்பு படிப்பு என்று உயிரை விடுகிறவர் எனக் கேள்விப்பட்டு, மகள் அங்கே போய்த் தன் அப்பாவுக்கு ஒரு பட்டம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். இப்போது அவள் பார்த்த பார்வையில் கல்யாணமே தொங்கிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு வாம்மா. விருந்தாளிங்க இருக்காங்க."

"இன்னைக்குத்தான் சார் கடைசி."

"அட, சொல்லுங்க சம்பந்தி. நமக்குள்ள என்ன?" என்றார் பையனின் அப்பா.

"பி.ஏ."

"பி.ஏ." என்று அவள் உரக்கத் திருப்பிச் சொன்னாள். ஒவ்வொரு பதிலையும் அப்படிச் சொல்லி உறுதி செய்துகொள்வது அவர்கள் வேலை முறை. கருவி கீச்சென்றது. அவள் முகம் மலர்ந்தது. "இந்த வட்டாரத்துல குடும்பத் தலைவர் டிகிரி முடிச்ச முதல் வீடு இதுதான் சார். பட்டதாரிங்களுக்குத் தனியா கேள்வி இருக்கு. இப்பதான் முதல் தடவையா திறக்குது. என்ன பாடம்?"

"சரித்திரம்."

"எந்தக் காலேஜ்?"

அவர் உள்ளே கால் வைத்த கல்லூரி உலகத்தில் ஒன்றுதான். இளவயதில் அங்கே இரவுக் காவல் பார்த்தார். "ஏரியை ஒட்டி இருக்குமே, அது."

பையனின் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நானும் அங்கதான்."

காவலாளியின் மனைவி காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு குறுக்கே வந்தாள். "எம்.ஏ.வும் போட்டுக்கம்மா. இவர் தன்னைப் பத்திப் பெருமையா சொல்லிக்கவே மாட்டார்."

"எம்.ஏ." என்றாள் அந்தப் பெண். கருவி மறுபடி கீச்சென்றது. "அப்ப, ஆராய்ச்சி பண்ணின தலைப்பு கேக்குது சார்."

காவலாளி மனைவியைப் பார்த்தார். அவள் திரைச்சீலையைச் சரிசெய்யப் போய்விட்டாள்.

"போரெல்லாம் எப்படி முடிஞ்சுதுன்னு" என்றார்.

அது பொய்யில்லை. ரோந்து போகும்போது, வகுப்புகளில் அழிக்காமல் விட்ட கரும்பலகைகளை டார்ச் அடித்துப் படிப்பார். பலகையில் மிஞ்சியிருப்பது பாடத்தின் கடைசிப் பகுதி மட்டும். எந்தப் போர் ஏன் தொடங்கியது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. முடிந்த விதம் எல்லாம் தெரியும்.

"சரித்திரம் உங்களுக்கு யார் எடுத்தது?" என்று கேட்டார் பையனின் அப்பா.

"எழுத்து எல்லாம் ஒரு பக்கமா சாஞ்சு சாஞ்சு இருக்குமே, அவர்."

"ஆள் எப்படி இருப்பார்?"

ஆளை அவர் பார்த்ததே இல்லை. "வாத்தியார் மாதிரிதான்."

"புரிஞ்சுது, புரிஞ்சுது. டீக்கு சர்க்கரை கம்மி, பாலாடை ஆகாது. கிளாஸைத் துண்டால பிடிச்சுக்குவார்."

"அவரேதான்."

அதற்குப் பிறகு அவர்களை நிறுத்த முடியவில்லை. கடைசி வரிசை ஜன்னலுக்குக் கொக்கி கிடையாது, காற்றடித்தால் ராத்திரி முழுக்க அடித்துக்கொள்ளும் என்றார் ஒருவர். பரீட்சை நாளில் பிள்ளைகள் பன்னை வாங்கிவிட்டுத் தின்ன மறந்து போவார்கள் என்றார் மற்றவர். மழை பெய்தால் ஏரி மணம் மாடிவரைக்கும் ஏறும் என்பதில் இருவரும் ஒன்றாக இருந்தார்கள். தான் படிக்காத கல்லூரியை நினைத்து ஒருவர் இப்படி உருகுவது நியாயமில்லைதான். காவலாளி உருகினார்.

எந்த வருஷம் என்று இவர் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

"அதெல்லாம் திரும்ப வருமா சம்பந்தி?" என்றார் பையனின் அப்பா, கண்ணைத் துடைத்தபடி.

மகள் மூச்சு விட்டாள். கணக்கெடுப்புக்காரப் பெண் கருவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள். "உங்களால வட்டாரத்தோட சராசரியே ஏறப்போகுது சார்" என்று சொல்லிவிட்டு வெளியேறினாள்.

அதுவரை வாயே திறக்காத பையனின் அம்மா எழுந்து போனாள். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பிப் பூட்டினாள்.

"அண்ணே, விடிஞ்சதும் காவல் முடிச்சு வந்து கேன்டீன்ல நீங்க குடிப்பீங்களே முதல் டீ, அதைப் போட்டவர் இவர், கிளாஸ் கழுவினது நான், இப்பவாவது கல்யாணத்தைப் பத்திப் பேசலாமா?"