வண்டிக்கு ஒத்துக்கொள்ளாத பெட்ரோல்

கார் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றவனுக்கு எந்த வயரைப் பிடுங்குவது என்று தெரியவில்லை. உள்ளே கறுப்பாக நாலைந்து வயர்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. பொழுது நன்றாக விடிந்துவிட்டது. மாடியில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அப்பா எழுந்துவிட்டார்.

"ஏதாவது ஒண்ணைப் பிடுங்குங்களேன். பொண்ணு பாக்கற மாதிரி ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டு!" என்றாள் மனைவி. அவள் மாடிப்படியைப் பார்த்தபடி காவலுக்கு நின்றாள்.

அவன் ஒரு பிளக் வயரைப் பிடுங்கினான். பிடுங்கியதும் மனசு கேட்கவில்லை. தானே கழன்ற மாதிரி இருக்கட்டும் என்று மறுபடி பட்டும் படாமலும் பிளக்கின்மேல் உட்கார வைத்தான். எதையும் முழுதாகச் செய்து அவனுக்குப் பழக்கமில்லை.

விஷயம் இதுதான். அப்பாவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. நேரே இருப்பது தெரியும், பக்கவாட்டில் வருவது தெரியாது. கண் டாக்டர் அவனைத் தனியாக வராந்தாவுக்கு அழைத்துப்போய், "இனிமே அவர் கார் ஓட்டக் கூடாது. நீங்களே வீட்டில வச்சுப் பக்குவமா சொல்லிடுங்க" என்று கைகழுவிவிட்டார்.

பக்குவமாகவோ பக்குவமில்லாமலோ, அதைச் சொல்ல அவனால் முடியவில்லை. அவன் வேலை பார்த்தது வாகன இன்சூரன்ஸ் கம்பெனியில். நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களிடம் "கிடையாது" என்று சொல்வதற்குத்தான் சம்பளம். கைக்கட்டோடு வந்தவர்களிடம் சொல்லியிருக்கிறான், அழுதவர்களிடம் சொல்லியிருக்கிறான். அப்பாவிடம் மட்டும் தலை நரைத்த பிறகும் வாய் வருவதில்லை.

அப்பா பிரேக் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். லைசென்ஸ் கேட்டு வந்த பாதி ஊரைத் திருப்பி அனுப்பியவர். அதில் அவனும் உண்டு, ஒருமுறை இல்லை, மூன்று முறை. மூன்றாவது முறை வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும், "பெத்த பையங்கறதுக்காக ரோட்டுல போறவனை நான் பலி குடுக்க முடியாது" என்றார். அவரிடம் போய், உங்களுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று யார் சொல்வது?

"நான் வேணா சொல்லட்டுமா?" என்று மனைவி கேட்டாள்.

"ஐயோ, வேண்டாம். நான் சொல்லச் சொன்னேன்னு நினைச்சுக்குவாரு."

"அதானே உண்மை?"

"அதனாலதான் வேண்டாங்கறேன்."

ஆகவே வயர்.

அப்பா இறங்கி வந்து காரைக் கிளப்பினார். கார் குளிர்காய்ச்சல் வந்ததுபோல உதறியது. அணைத்துவிட்டு இறங்கினார், பானெட்டைத் திறந்தார், குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். அப்பா நிமிர்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு, பானெட்டை மூடினார்.

"உனக்கு என்னடா தோணுது?"

"எனக்கா? எனக்கு என்னப்பா... பெட்ரோல் சரியில்லையோ என்னவோ."

"பெட்ரோலா?"

"ஆமாப்பா. இப்ப எவன் ஒழுங்கா குடுக்கறான்?"

அப்பா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி. அப்ப நல்ல பெட்ரோலா போட்டுப் பாத்துடுவோம். ஏறு."

தப்பித்தோம் என்று நினைத்தான். மாட்டிக்கொண்டது பைபாஸ் ரோட்டில் ஏறியபோதுதான் புரிந்தது. அதுவரை அப்பா நூலகத்துக்கும் கடைத்தெருவுக்கும்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். மருந்து கலந்த ஸ்பெஷல் பெட்ரோல் அங்கெல்லாம் கிடைக்காது, பைபாஸில் இருக்கும் பெரிய பங்க்கில்தான் கிடைக்கும். இரண்டு பக்கமும் லாரிகள் உறுமிக்கொண்டு போக, அவன் டேஷ்போர்டைப் பிடித்தபடி, தெரிந்த கடவுள்களை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தான்.

பங்க்கில் தொப்பி போட்ட ஒரு பெண் குழாயைக் கையில் எடுத்தாள். "சாதாவா, ஸ்பெஷலா?"

"ஸ்பெஷல்ல நிஜமாவே வித்தியாசம் இருக்கா?" என்று அவன் கேட்டான்.

"எஞ்சினைக் கழுவும்னு கம்பெனிக்காரங்க எழுதி ஒட்டியிருக்காங்க சார். ஓட்டறவங்கள்ல பாதிப்பேர் வித்தியாசம் தெரியுதுங்கறாங்க, பாதிப்பேர் காசுக்குப் பிடிச்ச கேடுங்கறாங்க. எனக்கு ரெண்டும் ஒரே நாத்தம்தான்."

அப்பா சிரித்துக்கொண்டே இறங்கி அவளிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். வீட்டில் யாரோடும் அவ்வளவு பேசமாட்டார். ஊரான் வீட்டுப் பெண்ணிடம் என்ன கலகலப்பு என்று அவனுக்கு எரிச்சலாக வந்தது.

ஸ்பெஷல் போட்டும் கார் உதறியது. உதறாமல் என்ன செய்யும்? இதுதான் சமயம் என்று அவன் சொன்னான்: "எல்லாம் சும்மா விளம்பரம்பா. ஸ்பெஷலாவது ஒண்ணாவது! வண்டிக்கு வயசாயிடுச்சு, அவ்வளவுதான்."

"வண்டிக்கா?"

"ஆமாப்பா, வண்டிக்குத்தான்."

"ஒரு தடவை போட்டா தெரியாதாம்டா. தூரமா, வேகமா ஓட்டினாத்தான் அந்த மருந்து உள்ள போய் அழுக்கை எடுக்குமாம். தினம் பைபாஸ்ல ஒரு ஓட்டு ஓட்டிட்டு வந்துடறேன்."

தினமும் போனார். அவன் ஆபீசில் உட்கார்ந்து விபத்துப் படங்களைப் புரட்டினான். நசுங்கிய ஒவ்வொரு காரும் அப்பாவின் கார் நிறத்திலேயே இருந்தது. போன் அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். பொறுக்க முடியாமல் ஒருநாள் காலையில் வயரைத் திரும்ப அழுத்தி மாட்டிவிட்டான். கார் சரியானால் கிழவர் பழையபடி நூலகத்தோடு நின்றுகொள்வார் என்பது கணக்கு.

அன்று கார் வெண்ணெயாக ஓடியது.

"பாத்தியா? வித்தியாசம் தெரியுதா?" என்று அப்பா கேட்டார்.

"தெரியுதுப்பா."

"எதனாலன்னு நினைக்கிற?"

"ஸ்பெஷல் பெட்ரோல்தான்பா. வேற என்ன?"

அப்பா தலையை மட்டும் ஆட்டினார். மறுநாளிலிருந்து, காலையில் தன்னோடு நடக்க வருகிற நண்பர்கள் நால்வரையும் ஏற்றிக்கொண்டு, ஸ்பெஷல் பெட்ரோலின் மகிமையைக் காட்டப் பைபாஸுக்குக் கிளம்பினார். காரில் இருந்த ஐந்து பேரின் கண்களையும் சலித்து எடுத்தாலும் உருப்படியாக ஒரு ஜோடி தேறாது.

அவன் மறுபடி வயரைக் கழற்றினான். இந்தத் தடவை இரண்டு.

கார் முக்கி முனகி நகர்ந்தது. நண்பர்கள் நடப்பதே சுகம் என்று கழன்றுகொண்டார்கள். அப்பா கழன்றுகொள்ளவில்லை. பெட்ரோலில் கலக்கிற மருந்தைத் தனியாகப் பாட்டிலிலேயே விற்கிறார்கள் என்று வாங்கி வந்து அவன் கையில் கொடுத்தார்.

"உன் கையாலேயே ஊத்துடா."

ஊற்றினான். ஊற்றும்போது அப்பா பக்கத்திலேயே நின்றார்.

"உனக்கு வேற ஏதாவது தோணுதா? தோணினா சொல்லு."

"இன்னொரு பாட்டிலும் ஊத்திப் பாக்கலாம்பா."

அன்று ராச்சாப்பாட்டின்போது மனைவி வெடித்துவிட்டாள். "நாக்கை எங்கேயாவது அடகு வச்சிருக்கீங்களா? ரெண்டே வார்த்தை. ஓட்டாதீங்கப்பா. ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் இல்லேன்னு சொல்றீங்க, பெத்தவருக்கு வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்ல முடியலியா? நாளைக்கு யார் மேலயாவது ஏத்திட்டு வந்து நின்னாருன்னா?"

ரோஷம் வந்து எழுந்து போனான். அப்பா நாற்காலியில் பேப்பரை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா..."

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். அவனைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படி அவர் அவனுக்காக எதையும் மடித்து வைத்ததே இல்லை.

"சொல்லு."

அவன் லைசென்ஸ் வரிசையில் நின்ற பையனாக மறுபடி ஆகிவிட்டான்.

"ஒண்ணுமில்லப்பா. பின் டயர்ல காத்து கம்மியா இருக்கற மாதிரி இருக்கு."

அப்பா இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேப்பரை விரித்தார். "காலையில பாத்துக்கறேன்" என்றார்.

காலையில் டயரைப் பார்த்தார், பைபாஸுக்குப் போனார். குறுக்குச் சாலையைக் கடக்கும்போது கார் இழுவை இல்லாமல் நடு ரோட்டிலேயே நின்றுவிட்டது. பக்கவாட்டில் வந்த வேன் பிரேக் போட்டும் நிற்காமல் கதவோடு சேர்த்து இடித்தது. வேன்காரனுக்கு ஒன்றுமில்லை. அப்பாவுக்கு இடுப்பெலும்பு போயிற்று. இனிமேல் பிடிமானம் இல்லாமல் நடக்க முடியாது என்றார்கள்.

கண்ணால் வந்த விபத்து இல்லை அது. வயரால் வந்தது. அது அவனுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். மனைவியும் அவற்றையே பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

போலீஸ்காரர் வந்து கேட்டபோது அப்பா படுத்தபடியே சொன்னார். "வண்டி இழுக்கலை சார். பெட்ரோல் சரியில்லை."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த சித்தப்பா துள்ளிக் குதித்தார். "கலப்படம்! ஸ்பெஷல்னு பேரு, உள்ள பூரா மண்ணெண்ணெய்! அந்தப் பங்க்காரனைச் சும்மா விடக் கூடாதுடா. நீதான் இன்சூரன்ஸ்ல இருக்கியே, போய் நறுக்குன்னு நாலு கேள்வி கேளு!"

"அதெல்லாம் எதுக்கு? விடு" என்றார் அப்பா.

"எப்படிண்ணே விடறது? ஏன்டா, உங்கப்பனுக்காக இதுகூடக் கேக்க மாட்டியா?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். போகாவிட்டால் சந்தேகம் வரும். "போறேன் சித்தப்பா" என்று எழுந்தான்.

அப்பா தலையைத் திருப்பினார். "போய் என்ன கேப்பே?"

"பெட்ரோல்ல என்ன கலந்தீங்கன்னு கேப்பேன்பா."

"அதைத்தான் கேப்பியா?"

"ஆமாப்பா."

அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவன் கிளம்பினான்.

வழி முழுக்க ஒத்திகை பார்த்தான். சொல்லிச் சொல்லிப் பார்க்க, பொய்க்கு நல்ல முறுக்கு ஏறியது. பைபாஸ் வந்தபோது நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. பங்க்காரர்கள் மேல் அவ்வளவு கோபம் வந்தது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

அதே தொப்பிக்காரப் பெண்தான் நின்றிருந்தாள். ஆபீஸ் குரல் தடங்கலில்லாமல் வந்தது.

"ஸ்பெஷல்னு சொல்லி என்னத்தம்மா ஊத்தினீங்க? உங்க பெட்ரோலை நம்பி எங்கப்பா இடுப்பு உடைஞ்சு கிடக்கறாரு. கண்ணு தெரியாத வயசானவர்னா ஏமாத்திடலாம்னு நினைச்சீங்களா? உங்க மேல புகார் குடுக்காம விடமாட்டேன். மனசாட்சின்னு ஒண்ணு வேண்டாம்?"

காருக்குப் பெட்ரோல் போட வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மூச்சு வாங்கினான். அப்பா மட்டும் இங்கே நின்று இதைக் கேட்டிருந்தால், மகனுக்குப் பேச வரும் என்று தெரிந்துகொண்டிருப்பார்.

அந்தப் பெண் குழாயை அதன் இடத்தில் மாட்டினாள்.

"முதல் நாளே உங்கப்பாகிட்ட சொன்னேன் சார், 'ஐயா, இது பெட்ரோல் கோளாறு இல்லை, ஒரு வயர் கழண்டிருக்கும், மாட்டச் சொல்றேன்'னு. 'தொடாதம்மா, என் பையன்தான் கழட்டி விடறான், ஓட்டாதீங்கப்பான்னு வாயைத் திறந்து என் மூஞ்சிக்கு நேரா ஒரு தடவை சொல்லிட்டான்னா சாவியை அன்னிக்கே அவன் கையில குடுத்துடுவேன், அதுவரைக்கும் ஸ்பெஷலே ஊத்து'ன்னாரு."