மேட்டுக் கீரையும் துலி அனுப்பின ரிப்போர்ட்டும்

துர்க்கை துணை

அன்புப் பேத்தி துலிக்கு, பாட்டி சாருபாலா நஸ்கர் ஆசியுடன் எழுதுவது. இங்கே நான், உன் தாத்தா, கறவை மாடு மூவரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டிம்மாவும் சுகமாயிருக்கக் காளி மாதாவை வேண்டுகிறேன்.

உன் கடிதமும் கீரையைச் சோதித்த ரிப்போர்ட்டும் கிடைத்தன. ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் யாரையும் கூப்பிடாமல் நானே படித்தேன். நம் மேட்டுப் பாலக்கீரையில் ஈயமாம், காட்மியமாம். கல்கத்தாக் குப்பையைக் கொட்டின மேடு, உள்ளே பழைய பேட்டரியெல்லாம் மக்கிக் கிடக்கு, கீரை அதை உறிஞ்சுது, கழுவினாலும் போகாது, பிஞ்சு மூளைக்கு ஆகாது, அதனால குட்டிம்மாவுக்கு முதல் சோறு ஊட்டுறதை மாமியார் வீட்டுலயே வச்சுக்கறேன்னு எழுதிட்டியேடி! கீரை என்ன குழாயா, உறிஞ்ச? உன் முதல் சோத்தன்னைக்குத் தட்டுல பேனா, புத்தகம், வெள்ளிக்காசு, மேட்டு மண்ணு எல்லாம் வச்சு, எதைத் தொடுறேன்னு பாத்தோம். நீ தொட்டது மண்ணை. தொட்டதோட விட்டியா, வாயிலயே போட்டுக்கிட்டே. அதைத் தின்னுதான் கெமிஸ்ட்ரியில முதல் மார்க் வாங்கினே, இப்ப அந்த மண்ணையே குத்தம் சொல்றே.

சரி, பேத்தி சொல்லிட்டாளேன்னு, விசேஷத்துக்கு அஞ்சு வகை பொரிக்கணுமே, வெளியூர்க் காய் வாங்கலாம்னு டவுன் சந்தைக்குப் போனேன். ஒரு கீரைக்கட்டு பளபளன்னு இருந்துச்சு. "சுத்தமான மண்ணுல விளைஞ்சதா தம்பி?"ன்னேன். "என்ன பெரியம்மா, கிண்டலா? உங்க வீட்டுக்காரர் காலையில போட்டுட்டுப் போனதுதான். கட்டின நாரைப் பாருங்க, உங்க கை முடிச்சு!"ன்னு சிரிக்கறான். சந்தையே சிரிச்சுது. வீட்டுக்கு வந்து சொன்னா உன் தாத்தா, "பாத்தியா, பளபளன்னு உன் வாயாலயே சொல்லிட்டே"ங்கறார்.

ஆகவே கீரையைப் பிடுங்க மாட்டேன். விசேஷமும் இங்கேதான் நடக்கும். மாப்பிள்ளைக்கு என் ஆசி, சம்பந்தியம்மாவுக்கு நமஸ்காரம், குட்டிம்மாவுக்கு நூறு முத்தம்.

இப்படிக்கு,
உன் பாட்டி

பின்குறிப்பு: மேலே உள்ளதை அடித்தால் தாள் அசிங்கமாகும், அப்படியே விட்டுவிட்டேன். உறை ஒட்டறதுக்கு முந்தி சமையலுக்குக் கீரை கிள்ளப் போனேன். குட்டிம்மா வாய் திறக்கிற மாதிரியே கண்ணுக்குள்ள வந்துச்சு. கை போகலைடி. நானும் தாத்தாவும் மொத்தத்தையும் பிடுங்கிட்டோம், மாட்டுக்குக்கூடப் போடலை. செண்டுமல்லி நட்டாச்சு. நீ கிளம்பி வா. வந்ததும் உன் தாத்தாவைக் கண்டிச்சு வை. பூசணிப் பூ மாதிரி இதையும் மாவுல முக்கிப் பொரிக்கலாம்னு, எப்ப பூக்கும்னு பாத்துக்கிட்டே நிக்கறார்.