முப்பது நாள் ஆடாத வீடு

பாசமும் மரியாதையும் நிறைந்த மச்சான் அவர்களுக்கு,

இங்கே உங்கள் அக்கா, மருமகள், நான், தையல் மெஷின் எல்லோரும் சௌக்கியம். அங்கே தங்கச்சியும் இரட்டை வாலுகளும் சௌக்கியமா? உங்கள் கோபம் சௌக்கியமாக இருப்பது தெரிகிறது. மூன்று வாரமாகப் போனை எடுக்கவில்லையே.

பெட்டி படுக்கையோடு வந்த மனிதரை வாசலிலேயே மறித்து, என் தையல் கடை முக்காலியில் உட்காரவைத்து, காபியைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினால் யாருக்குத்தான் கோபம் வராது? நடந்தது இதுதான். புவியும் விண்வெளியும் படிக்கிற பிள்ளைகளுக்கு ஏதோ பயிற்சியாம், இரண்டு வருஷம் உதவித்தொகையோடு ஆராய்ச்சியாம், மொத்தமே பத்துப் பேருக்குத்தான் இடமாம். உங்கள் மருமகள் விண்ணப்பித்தாள். உடனே நில அதிர்வுமானி என்று ஒரு டப்பாவை அனுப்பிவிட்டார்கள். முப்பது நாள் வீட்டில் வைத்துப் பதிவு எடுத்து அனுப்ப வேண்டும், அதை வைத்துத்தான் ஆளைத் தேர்ந்தெடுப்பார்களாம். அவள் அதை மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டு, "பத்திரமா பாத்துக்குங்கப்பா" என்று கல்லூரிக்குப் போய்விட்டாள். அதன் திரையில் ஒரு கோடு ஓடியது. இருபத்தெட்டு வருஷமாகத் தைக்கிறவன் நான். கோடு நேராக இருந்தால்தானே நல்ல வேலை? கோணிவிடாமல் காப்பாற்ற இறங்கிவிட்டேன். மெஷினை நிறுத்திக் கையால் தைத்தேன். பாங்க் மேனேஜரின் கால்சட்டை பத்து நாள் ஒற்றைக் காலோடு தொங்கியது. பிரிட்ஜ் நடுங்குகிறதே என்று பகலெல்லாம் அணைத்துவைத்தேன், பால் திரிந்தது. உங்கள் அக்காவுக்குத் தும்மல் வந்தால் தெருவுக்கு ஓடிப் போய்த் தும்மினாள். இந்த நேரத்தில் நீங்கள் வருகிறீர்கள், கூடவே ஒரு நிமிஷம் தரையில் கால் பாவாத இரண்டு பிள்ளைகள். நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்?

முப்பதாம் நாள் மகள் பதிவைப் பார்த்தாள், முகம் வெளிறிவிட்டது. "என்னப்பா இது, கோடு ஆடவே இல்ல? ஆடினாத்தானே படிக்க முடியும்! கருவி செத்துப்போச்சுன்னு நினைச்சு என்னைத் தள்ளிடுவாங்கப்பா!" எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிள்ளையின் எதிர்காலத்தை நானே இஸ்திரி போட்டுத் தேய்த்துவிட்டேனே என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அவள் உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினாள்.

இன்று காலை பதினொரு மணி வாக்கில் பதில் வந்தது. எங்கோ தொலைதூரத்தில், கடலுக்கு அடியில், யாருக்கும் ஒரு கீறல்கூட விழாத ஒரு சின்ன அதிர்வு. மற்றவர்களின் பதிவில் அது வீட்டுச் சத்தத்தில் கரைந்துவிட்டதாம். நம் வீட்டுப் பதிவில் மட்டும் பளிச்சென்று விழுந்திருக்கிறது. ஆடாத கோடு என்று விட்டுவிடாமல், முழுப் பதிவையும் பெரிதாக்கிப் பார்த்து அதை அவள் கண்டுபிடித்துக் குறித்து அனுப்பியிருக்கிறாள். இடம் கிடைத்துவிட்டது மச்சான்! அது என்றைக்கு, எந்த நேரம் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டேகால், நீங்கள் முக்காலியில் உர்ரென்று உட்கார்ந்திருந்த அதே நேரம். நீங்கள் மட்டும் படியேறியிருந்தால் எல்லாம் போச்சு. அவள் படிப்பில் பாதி நீங்கள் வாங்கிக் கொடுத்தது.

நான் அலட்டிக்கொள்ளவில்லை. "சரிம்மா, நல்லது" என்று சொல்லிவிட்டுத் துணி வெட்டப் போய்விட்டேன். தகப்பன் என்றால் ஒரு நிதானம் வேண்டாமா? குடும்பத்தோடு வாருங்கள். பிள்ளைகள் படியில் குதிக்கட்டும். தங்கச்சிக்கு என் அன்பு, வாலுகளுக்கு ஆயிரம் முத்தம்.

இப்படிக்கு,
உங்களை வாசலில் நிறுத்திய அத்தான்

பி.கு.: கடிதத்தைப் படித்த மகள், "மாடிப்படிக்கு அடியில அந்தக் கருவி இன்னும் ஓடிட்டுதான் இருக்குப்பா" என்று இன்று காலைப் பதிவை மேஜையில் வைத்துவிட்டாள். பதினொன்று பத்திலிருந்து பதினொன்று பதினாலு வரை, டப்பா வந்த நாளிலிருந்து இவ்வளவு பெரிய ஆட்டம் இல்லையாம். பக்கத்தில் "அப்பா" என்று எழுதியிருக்கிறாள். ஆகவே நிதானம் பற்றிய வரியை அடித்துவிட்டுப் படிக்கவும். என் தொழிலில் இவ்வளவு கோணலான கோடு நான் போட்டதே இல்லை மச்சான்.