உரிமம் வேண்டாத வண்டி

மனைவி வழிபாட்டுக்கு வருகிறேன் என்று சொல்லும்போது மறுக்கின்ற கணவனுக்கு விண்ணகத்திலும் இடமில்லை, மந்தைவெளியிலும் இடமில்லை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் அல்போன்ஸ் இதை நன்கறிவார். ஆகவேதான், அன்று காலை அவருடைய துணைவியார் கிளாடிஸ் கேழ்வரகுக் கஞ்சியை அவர்முன் வைத்துவிட்டு, "இனிமே சாயங்காலம் நானும் பெசன்ட் நகர் மாதா கோயிலுக்கு வரேங்க" என்று சொன்னபோது, வாய்க்குப் போன கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது.

அது ஏன் நின்றது என்பதை இங்கேயே சொல்லிவிடுவது முறை. அல்போன்ஸ் நாள்தோறும் மாலை ஐந்தரை மணிக்குத் தம் மொபெட்டில் ஏறி, அடையாற்றுப் பாலம் கடந்து, அன்னையின் திருமுன் சென்று நிற்பார். பொய்யில்லை; உள்ளம் உருகும், கண்ணும் கசியும். ஆனால் அந்த உருக்கம் எட்டு நிமிடத்தில் நிறைவெய்திவிடும். எஞ்சிய நாற்பது நிமிடம், கூப்பிடு தூரத்தில் கடற்கரை மணலில் பாஞ்சாலி என்பவள் பொரித்தெடுக்கும் மிளகாய் பஜ்ஜிக்கு உரியது. எண்ணெயில் பொரித்த எதையும் கண்ணாலும் காணலாகாது என்று இதய மருத்துவர் ஆணையிட்டிருந்தார். அல்போன்ஸ் ஆணை மீறாதவர். கண்ணை மூடிக்கொண்டுதான் உண்பார்.

"மொபெட் ரெண்டு பேரைத் தாங்காதும்மா," என்றார் அவர், கரண்டியைக் கீழே வைத்து. "பாலம் ஏறும்போது என் ஒருத்தனையே அது திட்டுது."

"தெரியும். அதான், எனக்குத் தனியா ஒரு ஸ்கூட்டர் வாங்கிக் குடுத்துடுங்க."

"இந்த வயசிலயா?"

"மாதாவைக் கும்பிட வயசு இருக்கா என்ன?"

"கும்பிடுறதுக்கு இல்ல. வண்டிக்கு இருக்கு. நாப்பது தாண்டினா டாக்டர் சர்டிஃபிகேட் வேணும். எல்.எல்.ஆர்.னு ஒண்ணு இருக்கு, அதுக்குப் பரீட்சை எழுதணும். அப்புறம் இன்ஸ்பெக்டர் முன்னாடி காலை ஊணாம எட்டுப் போட்டுக் காட்டணும். நீ முறுக்கையே ஒழுங்கா சுத்த மாட்டே!"

"அவ்வளவுதானே?" என்றார் கிளாடிஸ்.

அல்போன்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். கிளாடிஸை அறிந்த நாள்முதல் அந்தச் சொல்லை அவர் இருமுறைதான் கேட்டிருக்கிறார். முதல்முறை அதன் விளைவாகத் திருமணமே நடந்தது. இரண்டாம் முறை, வாடகை வீட்டில் காலமெல்லாம் கழிக்கலாம் என்றிருந்தவருக்குச் சொந்த வீடு வந்தது.

அன்றிரவு முழுதும் நெஞ்சாரச் சிந்தித்தார். தடுப்பது பாவம். அழைத்துச் செல்வது பஜ்ஜிக்கு ஆபத்து. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழியை ஆண்டவர் வைத்திருக்க வேண்டுமே! மறுநாள் நாளிதழில் அந்த வழி வந்தது, விளம்பர வடிவில். சின்னஞ்சிறு பேட்டரி ஸ்கூட்டர். மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் ஓடாது. ஆகையால் ஓட்டுநர் உரிமமும் வேண்டாம், பதிவும் வேண்டாம்.

அல்போன்ஸ் தாளும் பேனாவும் எடுத்தார். மந்தைவெளியிலிருந்து பெசன்ட் நகர் ஐந்து கிலோமீட்டர். மொபெட்டுக்கு ஏழு நிமிடம். அந்த வண்டிக்குப் பன்னிரண்டு. இடைவெளி ஐந்து நிமிடம். ஒரு பஜ்ஜிக்கு ஒரு நிமிடம் வீதம் நான்கு. வாய் துடைக்க ஒரு நிமிடம். மனைவி வந்து சேரும்போது கணவன் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு நிற்பான். இறைவனின் கணக்கு எத்துணை நுட்பமானது!

தியாகராய நகர்க் கடையில் விற்பனையாளர் செம்பியன் அவரை அன்போடு வரவேற்றார்.

"இது இருபத்தஞ்சுக்கு மேல போகாது சார். அதான் லைசன்ஸ் தேவையில்ல."

"இதைவிட மெதுவாப் போறது ஏதாச்சும் இருக்கா?"

செம்பியனுக்குத் தம் பணிக்காலத்தில் யாரும் கேளாத வினா அது. சற்றே யோசித்தார். "அதைவிட மெதுவான்னா சைக்கிள்தான் சார்."

"பாலம் ஏறுமா?"

"ஏறும் சார். கொஞ்சம் மூச்சு வாங்கும்."

"வாங்கட்டும், வாங்கட்டும்!" என்று முகம் மலர்ந்தார் அல்போன்ஸ்.

வண்டி வீட்டு வாசலில் வந்து இறங்கியது. கிளாடிஸ் அதை ஒருமுறை வலம் வந்தார்.

"நம்பர் பிளேட் எங்கங்க?"

"வேணாம்."

"லைசன்ஸ்?"

"அதுவும் வேணாம். அரசாங்கமே உன்னை நம்பி விட்டுடுச்சு."

"அரசாங்கம் நம்புதோ இல்லையோ, நீங்க எனக்காக இவ்வளவு யோசிச்சிருக்கீங்களே," என்று கிளாடிஸ் அவரை உற்றுப் பார்த்தார். "ரொம்ப சந்தோஷம்ங்க." அந்தப் பார்வை ஒரு கணம் நீண்டதைக் கணவர் நன்றிப் பெருக்கு என்றே எடுத்துக்கொண்டார்.

ஒரு வாரம் கணக்குப் பிசகவில்லை. முதலில் பஜ்ஜி, பிறகு பக்தி என்று வரிசைதான் மாறியது. கிளாடிஸ் வியர்த்து விறுவிறுத்து வந்து சேரும்போது அல்போன்ஸ் கைகுவித்து நிற்பார். எட்டாம் நாள் கிளாடிஸே சொல்லிவிட்டார்: "இது எனக்கு ஒத்துவரலீங்க. பாலத்துல பின்னாடி வர்றவன் எல்லாம் ஹாரன் அடிக்கிறான். நீங்க போய்ட்டு வாங்க, நான் வீட்டுப் பக்கமே இருந்துக்கிறேன்."

"உன் மனசு போல செய்ம்மா," என்றார் அல்போன்ஸ், துயரத்தை முகத்தில் வரவழைத்துக்கொண்டு. அன்று மாலை ஆறு பஜ்ஜி உண்டார். அதற்கடுத்த மூன்று மாதமும் அவருக்கு வானகம் வையகத்திலேயே கிட்டியிருந்தது.

ஜூலைத் திங்கள் வந்தது. பயணிகளின் பாதுகாவலரான புனித கிறிஸ்டோபர் திருநாளையொட்டி அவர்கள் பங்குக் கோயிலில் வாகனங்களை மந்திரிப்பது வழக்கம். ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும் ஆலய முற்றத்தில் வண்டிகள் அணிவகுத்து நிற்கும். பங்குத்தந்தை ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார். இவ்வாண்டு அவர் ஒரு புதுமை செய்தார். வண்டியை மட்டும் மந்திரித்தால் போதாது, ஓட்டுபவரும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று சொல்லி, வாயிலில் ஒரு மேசை போட்டு, போக்குவரத்து அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஃபிரெட்ரிக்கை ஆவணங்கள் பார்க்க உட்கார வைத்திருந்தார்.

அல்போன்ஸ் தலைநிமிர்ந்து சென்று, ஜெபப் புத்தகத்தின் நடுவிலிருந்து தம் உரிமத்தை எடுத்து நீட்டினார். ஃபிரெட்ரிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சார், இது முடிஞ்சு நாலு வருஷம் ஆச்சே!"

"எது?"

"உங்க லைசன்ஸ். அம்பது வயசுக்கு மேல எல்லாம் வாழ்நாள் லைசன்ஸ் இல்ல சார். அப்பப்போ புதுப்பிக்கணும்."

"வருஷா வருஷம் இங்கதான் கொண்டுவரேன். மூணு சாமியார் மந்திரிச்சிருக்காங்க," என்றார் அல்போன்ஸ். உண்மையிலேயே அவர் அப்படித்தான் எண்ணியிருந்தார். வண்டியோடு அட்டையையும் நீட்டுவார். அதன்மீதும் இரண்டு துளி விழும். அத்தோடு ஓராண்டுக்குச் செல்லும் என்பது அவருடைய நம்பிக்கை.

"தீர்த்தம் பட்டு எழுத்துதான் மங்கியிருக்கு சார், தேதி மாறல. வருஷம் ஒண்ணு தாண்டிட்டா வெறுமனே புதுப்பிக்கவும் முடியாது. திரும்ப எல்.எல்.ஆர்., பரீட்சை, எட்டு, எல்லாம் முதல்லேருந்து. அதுவரைக்கும் நீங்க இந்த மொபெட்டைத் தொடக்கூடாது."

"அப்போ இதை வீட்டுக்கு யாரு ஓட்டிட்டுப் போறது?"

"நான்," என்று ஒரு குரல் கேட்டது.

கிளாடிஸ் கைப்பையைத் திறந்து, பளபளக்கும் புத்தம்புதிய அட்டை ஒன்றை மேசைமேல் வைத்தார். அதில் அவர் புகைப்படம் இருந்தது, புன்னகைகூட இருந்தது. ஃபிரெட்ரிக் இருபுறமும் பார்த்து, "சுத்தம்!" என்றார்.

அல்போன்ஸ் அட்டையைக் கையில் எடுத்தார். "இது... எப்போ?"

"போன வாரம் வந்தது. மந்தைவெளியில ஜுவேரியான்னு ஒரு பொண்ணு லேடீஸுக்குச் சொல்லிக் குடுக்குது. தினம் சாயங்காலம் அஞ்சரைலேருந்து ஆறரை. நீங்க ஜெபத்துல இருக்கிற நேரம்தான். எட்டு முதல் தடவையே வந்துடுச்சு, முறுக்கு மாதிரி."

"என் லைசன்ஸ் முடிஞ்சது உனக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும். அந்த பேட்டரி வண்டி வந்த வாரம், இன்ஷூரன்ஸ் காகிதம் தேடினப்போ உங்க ஜெபப் புத்தகத்துலேருந்து விழுந்தது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே, கிளாடிஸ்!"

"சொல்லியிருந்தா நீங்க எனக்கு முன்னாடி எட்டுப் போட்டிருப்பீங்களே!"

"மூணு மாசமா லைசன்ஸ் இல்லாம என்னை ஊரெல்லாம் ஓட விட்டிருக்கே! போலீஸ் பிடிச்சிருந்தா?"

"அதுக்காகத்தான் தினம் ஒரு ஜெபமாலை கூடுதலாச் சொன்னேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. மாதா கோயிலுக்குப் போய்ட்டு வர்ற சட்டையில மெழுகுவத்தி வாசனை அடிக்கணும். உங்க சட்டையில கடலை எண்ணெய் வாசனை அடிக்குது. பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன்."

அல்போன்ஸ் தம் சட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டார். "சரி, நான் உன் பின்னாடி உட்கார்ந்துக்கிறேன்," என்றார் கடைசியாக.

"பின்னாடி உட்கார்றவங்களுக்கும் ஹெல்மெட் வேணும்னு சட்டம். நம்மகிட்ட இருக்கிறது ஒண்ணு," என்று கிளாடிஸ் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

"ஃபிரெட்ரிக், நான் எப்படிப்பா எங்கயும் போறது?"

ஃபிரெட்ரிக் இரக்கமுள்ளவர். "அம்மா ஓட்டிட்டு வந்த அந்தச் சின்ன வண்டிக்குத்தான் ஒண்ணுமே வேணாமே சார். நீங்க தாராளமா எடுத்துக்கிட்டுப் போகலாம்."

அன்று மாலை ஐந்தரைக்கு இரண்டு வண்டிகளும் ஒன்றாகப் புறப்பட்டன. ஆர்.ஏ.புரம் முனை வரை அல்போன்சுக்கு மொபெட்டின் பின்விளக்கு தெரிந்தது. அதன் பிறகு புகை தெரிந்தது. அப்புறம் அதுவும் இல்லை. அடையாற்றுப் பாலத்தில் அவருடைய எண்பத்தாறு கிலோவைச் சுமந்த வண்டி முனகியது. மனமுடைந்து நின்றுவிடும்போல் ஊர்ந்தது. நடைபாதையில் கைவீசி நடந்த ஒரு முதியவர் அவரை முந்திச் சென்றதோடு, திரும்பிப் பார்த்து வணக்கமும் வைத்தார்.

பெசன்ட் நகர் சேர்ந்தபோது, ஆலயத்தில் கிளாடிஸ் இல்லை. அச்சத்தோடு மணலில் இறங்கினார். அங்கே பாஞ்சாலியின் கடையில், அவர் நாள்தோறும் அமரும் அதே முக்காலியில் அம்மையார் வீற்றிருந்தார். கையில் பொன்னிறமான ஒரு மிளகாய் பஜ்ஜி.

"இன்னா நைனா, இம்மாம் லேட்டு?" என்றாள் பாஞ்சாலி. "அம்மா வந்து எம்மா நேரமாவுது!"

"ஜெபம் முடிஞ்சுதா?" என்று கேட்டார் அல்போன்ஸ், வேறொன்றும் கேட்கத் தோன்றாமல்.

"எட்டே நிமிஷம். ரொம்ப உருக்கமா இருந்தது," என்று கிளாடிஸ் அந்தப் பஜ்ஜியைக் கடித்தார்.

"எனக்கு ரெண்டு போடு பாஞ்சாலி."

"மாவு தீந்துபோச்சு நைனா. உனுக்கு சுண்டல் எடுத்து வெச்சுக்கீறேன், எண்ணெ இல்லாம. அம்மா சொன்னாங்க."

அல்போன்ஸ் தொன்னையை வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தார். கிளாடிஸ் கைகழுவி, ஹெல்மெட்டை மாட்டி, கணவரைக் கனிவோடு பார்த்தார்.

"சீக்கிரம் சாப்பிடுங்க. இப்பவே கிளம்பினாத்தான் உங்க வண்டி ராத்திரிக் கஞ்சிக்கு வீடு வந்து சேரும்."