நான் விழாமல் போன ஞாயிற்றுக்கிழமை

ரெய்னர்ஸ் லேன், லண்டன்,
17.11.1991

அன்பும் கொஞ்சம் பயமும் கலந்து மதிக்கும் பெரிய மச்சான் யோகராஜா அவர்களுக்கு,

குகதாசன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கை வசந்தமலரும் நலம், என் இடது முழங்கால் மட்டும் நீங்கலாக. கனடாவில் நீங்களும் அக்காவும் குளிருக்கு ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. உள்ளே நீங்கள் வைத்திருந்த பத்திரிகைத் துண்டும் கிடைத்தது. ஊதா உடுப்போடு தலைகீழாக, இரண்டு காலும் வானத்தைப் பார்க்க, முகத்தில் வெள்ளையாக ஏதோ பூசியபடி கிடக்கும் அந்த மனிதர் நான்தான். மறுக்கவில்லை. அந்த வெள்ளை தேங்காய்ச் சட்னி. "எங்கட குடும்பத்தில ஆரும் இப்பிடிப் பேப்பரில வந்ததில்லை" என்று எழுதியிருந்தீர்கள். நடந்ததை முழுவதும் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

எல்லாம் டோரீனால் வந்தது. வசந்தமலர் வேலை செய்யும் பள்ளிக்கூடச் சமையலறையில் டோரீன் என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் இருக்கிறா. அவ ஒரு ஸ்கீ கிளப்பில் உறுப்பினர். வருடத்தில் மூன்று தரம் கிளப்காரர் பஸ் பிடித்து ஸ்கொட்லாந்துக்குப் போய்ப் பனியில் சறுக்குவார்கள். இரண்டு வருடத்துக்கு முன் அவர்களுடைய சமையல்காரருக்குக் காய்ச்சல். "நாலு நாள்தானே, வாருமன்" என்று டோரீன் கேட்க, இவள் மிளகாய்த்தூள் போத்தலையும் கட்டிக்கொண்டு போய்விட்டாள். திங்கட்கிழமை வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே, "இஞ்சேருங்கோ, நான் மலையிலயிருந்து சறுக்கினனான்" என்றாள். நான் வழுக்கி விழுந்துவிட்டாளாக்கும் என்று நினைத்து நோவெண்ணெய் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அங்கே மலைப்பாதையோரம் கிளப்புக்கு ஒரு மரவீடு இருந்தது. அவர்கள் கேபின் என்றார்கள். நமக்கு அது கொட்டில். ஒரு அடுப்பு, பன்னிரண்டு கட்டில், ஒழுகும் கூரை. ஆனால் அங்கே தங்கியவர்கள் எல்லோரும் சுவர்ப் பலகையில் தங்கள் பெயரைச் செதுக்குவது வழக்கமாம். பள்ளிக்கூடத்தில் இவளை "வஸ்" என்று கூப்பிடுகிறார்கள், டாக்டரிடம் "மிஸிஸ் கே". அந்தக் கொட்டிலில்தான் இவள் கத்தியை வாங்கி, ஒரு எழுத்தும் குறையாமல், தமிழில் தன் பெயரைச் செதுக்கினாள். இந்தப் பெப்ரவரியில் புயலடித்து ஒரு மரம் முறிந்து கொட்டில் மேல் விழுந்தது. யாருக்கும் காயமில்லை, கொட்டில்தான் தரைமட்டம். ஊரில் நம்முடைய வீடுகள் இடிந்த செய்தி வரும்போதெல்லாம் இவள் அழுததில்லை, தேத்தண்ணி போடப் போய்விடுவாள். இந்தச் செய்திக்குச் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு அழுதாள். அதைக் கேட்டுக்கொண்டு வெளியே நின்றவன் நான். அதனால்தான், மச்சான், பிறகு அவள் கேட்ட எதற்கும் என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

கொட்டிலைத் திரும்பக் கட்டக் கிளப் காசு சேர்த்தது. டோரீன் கேக் விற்றா. செயலாளர் பென்றோஸ் பழைய புத்தகம் விற்றார். போதவில்லை. அப்போது வசந்தமலர் ஒரு யோசனை சொன்னாள்: லண்டனில் ஒரு மேட்டின் மேல் பிளாஸ்டிக் பிரஷ் பாய் விரித்துப் பனியில்லாமலே சறுக்கப் பழக்குகிறார்கள், அதில் ஸ்கீயைத் தொட்டே பார்க்காத என்னை ஏற்றிவிடுவது; நான் ஒவ்வொரு தரம் விழ விழ ஆட்கள் ஐம்பது பென்ஸ் தருவது. இதை என்னிடம் கேட்பதற்கு முதலே லூயிஷாம் சிவன் கோயிலில் நாற்பது பேரிடம் காசு தருவதாகக் கையெழுத்து வாங்கிவிட்டாள். வெம்பிளியில் மளிகைக்கடை வைத்திருக்கும் யாக்கோப்பு, "மெய்யாவே விழுவாரோ?" என்று கேட்டாராம்.

"ஓம் அண்ணை, நல்லா விழுவார். வீட்டுப் படியிலயே விழுறவர்."

"அப்ப எனக்கு ஒரு பவுண் போடும்."

ஒக்டோபரில் ஒரு ஞாயிறு. மடக்குக் கதிரைகளும் பிளாஸ்க்குகளுமாக எங்கள் ஆட்கள் வந்து இறங்கினார்கள். மேட்டின் அடியில் இவளும் டோரீனும் வடை மேசை போட்டிருந்தார்கள். எனக்கு டோரீனின் தம்பியுடைய ஊதா உடுப்பு. அவர் என்னைவிட இரண்டு அளவு சிறியவர். மேலே இழுக்கும் கயிற்றைப் பிடித்துப் போய் நின்று கீழே பார்த்தேன். என் வாழ்க்கையில் இத்தனை பேர் என்னிடம் ஒன்றை எதிர்பார்த்ததில்லை. பத்து யார் தூரத்துக்குள் விழுந்துவிடலாம் என்று தீர்மானித்து என்னைத் தள்ளிக்கொண்டேன். ஆனால் உடுப்பு இறுக்கம், முழங்கால் மடியவில்லை. மடியாதவன் எப்படி விழுவது? விளக்குக் கம்பம் மாதிரி நிமிர்ந்தபடி நேராகப் போனேன், வேகம் கூடக் கூட இன்னும் நிமிர்ந்தேன். சனம் கதிரையைவிட்டு எழும்பிவிட்டது.

"விழுங்கோ, விழுங்கோவன் அப்பா" என்று வசந்தமலர் கத்துவது கேட்டது.

"முயற்சி செய்யிறன்" என்று கத்தினேன்.

பாய் முடிந்தது, புல் வந்தது, புல்லும் முடிந்தது. ஸ்கீ இரண்டும் வடை மேசைக்கடியில் போய் நிற்க, நான் இடுப்போடு மடங்கி, முகம் சட்னிச் சட்டிக்குள். உடுப்பு கிழிந்த சத்தம் பாதை வரை கேட்டதாம். உடனே வழக்குத் தொடங்கியது: இது விழுகையா இல்லையா? ஊரில் கோர்ட்டில் மொழிபெயர்ப்பு முதலியாராக இருந்த ஸ்ரீஸ்கந்தராஜா எழும்பி வந்து என்னைச் சுற்றிப் பார்த்தார்.

"கால் ரெண்டும் நிலத்தில நிக்குது. மேல்பாதி மேசையில கிடக்குது. இது விழுகை இல்லை, சாய்வு."

பென்றோஸும் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். ஆக, ஒரு விழுகையும் இல்லை, ஒரு பென்ஸும் இல்லை. வசந்தமலர் என்னைத் திட்டவில்லை. சட்னி அகப்பையைப் பிடித்தபடி மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"திரும்ப ஏத்துங்கோ என்னை" என்றேன்.

முகத்துச் சட்னியைத் துடைக்கக்கூட நிற்கவில்லை. கிழிந்த உடுப்பில் முழங்கால் நன்றாக மடிந்தது, மச்சான். முதல் பத்து யார் தூரத்துக்குள் ஆறு தரம் விழுந்தேன். பக்கவாட்டில் விழுந்தேன், பின்னுக்கு விழுந்தேன், எழும்பும்போதே விழுந்தேன். டோரீன் ஒவ்வொன்றுக்கும் சட்டியில் தட்டி எண்ணினா. பதினைந்தாவது விழுகையில் எனக்குள் ஏதோ கழன்றுவிட்டது. சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியவில்லை. லண்டனுக்கு வந்த ஏழு வருடமும் விழுந்துவிடக்கூடாதே, விழுந்துவிடக்கூடாதே என்று நடந்தவன் நான். அன்றைக்கு விழ விழக் கைதட்டினார்கள். நாற்பத்தொன்றாவது விழுகையோடு மேட்டின் அடிக்கு வந்து சேர்ந்தேன். பேப்பர்காரர் எடுத்த அந்தப் படம் நாற்பத்தொன்றாவது விழுகை. நான் விழுந்ததைப் பார்த்த யாக்கோப்பு தானும் விழப்போவதாக நின்றார். ஸ்ரீஸ்கந்தராஜா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வரிசையில் வந்தார். ஒருநாளும் விழாத கிளப்காரர் கூட வெட்கத்தைவிட்டு விழுந்தார்கள். வடையும் ஒன்று மிஞ்சவில்லை.

கூரைக்கும் சுவருக்கும் காசு சேர்ந்துவிட்டது. என்ன நிறம் அடிப்பது என்று வசந்தமலரிடமே கேட்டார்கள். கோயில் மதில் மாதிரிச் சிவப்பும் வெள்ளையும் என்றாள். பனிப்புகாரிலும் தூரத்தில் தெரியும் என்று மலையில் ஆள் தேடும் குழுவினருக்கு மெத்தப் பிடித்துவிட்டதாம்.

இவ்வளவுதான் நடந்தது. இனி நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. கொட்டில் வேலை முடிந்தது, எங்கள் வேலையும் முடிந்தது. உடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உங்கள் தங்கையும் இனி மலைப்பக்கம் போவதில்லை என்று வாக்குத் தந்திருக்கிறாள். எங்கள் வீடு பழையபடி மரியாதையான வீடு.

அக்காவுக்கு எங்கள் அன்பு. எல்லாம் வல்ல சிவன் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் நல்ல ஹீற்றரும் தருவாராக.

என்றும் உங்கள் பணிவுள்ள,
ம. குகதாசன்

பி.கு.: கடித உறையை ஒட்டப்போகும்போது பென்றோஸ் ரெலிபோன் எடுத்தார். கிளப்பின் புதிய தலைவராக வசந்தமலரை ஏகமனதாகத் தெரிவு செய்துவிட்டார்களாம். தலைவரின் முதல் தீர்மானமும் நிறைவேறிவிட்டது: பெப்ரவரிப் பயணம் இந்தமுறை கனடாவுக்கு. எல்லோருமாக இருபத்திரண்டு பேர். தங்குமிடம் பற்றிக் கேட்டதற்கு, "அண்ணையின்ர வீட்டு நிலவறை பெரிசு, சும்மாதான் கிடக்குது" என்று சொல்லியிருக்கிறாள். பாவம் அதுகள், காரம் குறைவாகப் போட்டால் எதுவும் சாப்பிடுவார்கள். நானும் வாறன். உங்களுக்கும் ஒரு சோடி ஸ்கீ எடுக்கவேண்டும், சப்பாத்து அளவைத் தயவுசெய்து உடனே எழுதி அனுப்புங்கள்.