ரவுண்டாக ஐந்து லிட்டர்

வாழ்க அவர்! நீடு வாழ்க! எரிபொருள் முள் சிவப்புக் கோட்டின் மீது சாய்ந்து உயிர்விடும் வேளையிலும் முகம் கோணாத நெஞ்சுரத்தார். காலால் ஓர் உதை உதைத்தே டயரின் காற்றளவைக் கூறவல்ல கணுக்கால் ஞானி. அடுத்த வீட்டு வண்டி இருமும் ஓசை கேட்டே அதன் எஞ்சிய ஆயுளைக் கணிக்கும் செவிச்செல்வர். முப்பத்திரண்டு வீடும் பதினேழு காரும் கொண்ட அந்த அடுக்குமாடிக் குடியிருப்பு முழுவதும் முன்னால் 'மைலேஜ் மன்னர்' என்றும் பின்னால் வேறு சில பெயர்களாலும் போற்றப்படும் நம் தலைவர் வாழ்க! மண்ணுக்கடியில் எண்ணெய் ஊறத் தொடங்கிய நாள்முதல் இந்நாள்வரை, ஒரு லிட்டர் பெட்ரோலின் உள்ளக்கிடக்கையை உள்ளபடி உணர்ந்த மானிடர் ஒருவரே என்பதும், அவர் குடிநீர் வாரிய அலுவலகத்தில் மூன்றாம் பிரிவுக் கண்காணிப்பாளர் என்பதும் ஐயத்துக்கு இடமற்ற உண்மைகள்.

அன்னவரிடம் ஒரு தேர் இருந்தது. பதினைந்து ஆண்டு அகவையுடைய, வலப்பக்கக் கதவில் மட்டும் ஒரு கோடு விழுந்த, வெள்ளிநிறச் சிறுகார். அத்தேரின் சாவி அவர் இடுப்பை விட்டு அகன்றதில்லை. குளிக்கும்போதும் அது துண்டின் முடிச்சில் தொங்கிற்று.

மன்னருக்கு மனைவியார் உண்டு. நகரின் மறுகோடியில் உள்ள மருத்துவமனையில் செவிலியர். விடியுமுன் எழுந்து, இரண்டு பஸ் மாறி, இரண்டாம் பஸ்ஸில் ஒருபோதும் உட்கார இடம் கிடைக்காமல் எட்டாண்டுகள் நின்றே சென்று வந்தவர். ஒருநாள் காலை, தலைவர் மூன்றாம் இட்லியை நோக்கிக் கை நீட்டிய அமைதியான கணத்தில், அவ்வம்மையார் தம் கோரிக்கையை வைத்தார்.

"திங்க, புதன், வெள்ளி வண்டி எனக்கு வேணும். உங்க ஆபீஸுக்கு நடந்தா பன்னெண்டு நிமிஷம்."

இடி விழுந்த மலை எவ்வாறு அசையாதோ அவ்வாறு அசையாமல், இட்லியைப் பிட்டபடியே தலைவர் முழங்கினார்: "நீ ஓட்டினா வண்டி பெட்ரோலக் குடிக்காதும்மா. பெட்ரோல்ல குளிக்கும்!"

"அப்ப ஓட்டிப் பாத்துடுவோம். யாருக்கு மைலேஜ் கூட வருதோ, அவங்களுக்குச் சாவி."

இவ்வாறாக மூண்டது அப்பெரும்போர்.

போருக்கு நடுவர் வேண்டுமே! அம்மையாரின் தம்பி அழைக்கப்பட்டார். அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பதினான்கு ஆண்டுகள் கற்றுக்குட்டிகளின் பக்கத்தில் அமர்ந்து தமக்கென்று பொருத்திய தனி பிரேக்கை மிதித்து மிதித்துப் பழகியவராதலால், எந்த வண்டியில் ஏறினாலும், பஸ்ஸாயினும் ரயிலாயினும், அவர் வலக்கால் அங்கில்லாத பிரேக்கைத் தானே தேடி மிதிக்கும். யார் எப்படி ஓட்டுகிறார்கள் என்பதை அறிய அந்தக் காலைப் பார்த்தால் போதும்.

நடுவர் போர்விதி வகுத்தார். விதி எளிது. பங்க்கில் டேங்க்கை நிரப்ப வேண்டும். ஊரைச் சுற்றிச் செல்லும் வெளிவட்டச் சாலையில் ஒரு முழுச்சுற்று, அதாவது ஐம்பத்து நான்கு கிலோமீட்டர், ஓட்டித் திரும்ப வேண்டும். அதே பங்க்கில், அதே குழாயில் மீண்டும் நிரப்ப வேண்டும். எத்தனை லிட்டர் உள்ளே போகிறதோ அத்தனையும் அந்தச் சுற்றில் எரிந்த பெட்ரோல். யார் சுற்றுக்குக் குறைவாகப் போகிறதோ அவர் வென்றவர். அக்கா முதலில், மாமா அடுத்து. இருவர் பக்கத்திலும் தாமே அமர்வதாக நடுவர் கூறினார். அவர் எடை எண்பத்தேழு கிலோ, இருவருக்கும் சமம்.

ஞாயிறு காலை ஆறு மணி. வண்டி கிளம்புமுன், டயர் இன்னும் குளிர்ந்திருக்கும்போதே, அம்மையார் குனிந்து நான்கு சக்கரங்களிலும் சிறு மானியை வைத்துக் காற்றளவு பார்த்தார். குறைந்ததில் நிரப்பினார். ஸ்டெப்னியையும் விடவில்லை. இதைக் கண்ட தலைவர், வேங்கையைக் கண்டு நகைக்கும் வேழம்போல் நகைத்து உரைத்தார்: "நாள் பூரா ஆளுங்களுக்கு பிரஷர் பாக்குறது போதாதா? டயர் என்ன வார்டுல படுத்திருக்கா?"

அம்மையார் மானியைப் பையில் போட்டார். பங்க்கில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினார்.

அம்மையாரின் ஓட்டத்தைப் பாட இப்பாட்டில் சொல் இல்லை; ஏனெனில் அதில் நிகழ்ச்சியே இல்லை. தொலைவில் சிவப்பு விளக்கைக் கண்டதும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். வண்டி தானே தளர்ந்து விளக்கடியை அடைந்தபோது விளக்கு பச்சையாயிற்று. அறுபதைத் தாண்டவில்லை. அறுபதைவிட்டு அதிகம் இறங்கவுமில்லை. எண்பத்தேழு கிலோ தம்பிக்கு வியர்க்குமே என்று ஏசியையும் போட்டிருந்தார். ஐம்பத்து நான்கு கிலோமீட்டரிலும் நடுவரின் வலக்கால் ஒருமுறைகூட மிதிக்கவில்லை. முப்பதாவது கிலோமீட்டரில் அவர் உறங்கியே போனார். பதினான்கு ஆண்டுகளில் ஓடும் வண்டியில் அவர் உறங்கியது அதுவே முதல்முறை.

பங்க்கில் மறுபடி நிரப்பினர். குழாய் 'டிக்' என்று தானே நின்றது. மீட்டரில் இரண்டு புள்ளி ஏழு.

"போதும்ணே," என்றார் அம்மையார். பெட்ரோல் போடும் அண்ணன் குழாயை எடுத்தார்.

இக்காட்சியைப் பங்க்கிலேயே காத்திருந்த தலைவரால் தாங்க இயலவில்லை. அறிக அன்பர்களே, பதினைந்தாண்டு காலமாக அவர் அந்த டிக்கை எதிர்த்துப் போராடி வருபவர். டிக் என்பது டேங்க் நிறைந்த ஓசையன்று, வாடிக்கையாளருக்கு உரிய கடைசி மிடற்றைத் தர மறுக்கும் வஞ்சக ஓசை என்பது அவர் கொள்கை. "ஒரு டிக்குக்கே பயந்து ஓடறவ, இவ எப்படி வண்டி வச்சுக் காப்பாத்துவா? உள்ள இன்னும் ஒரு குளம் அளவுக்கு இடம் கிடக்கு!" என்று பங்க் முழுவதும் கேட்கக் கூறினார். காற்று பிடிக்க நின்ற இரண்டு ஸ்கூட்டர்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பின்னர் தலைவர் போர்க்கோலம் பூண்டார். டிக்கியைத் திறந்தார். அந்தோ, அதனுள் என்னென்ன இருந்தன! மூன்று குடைகள், ஒரு மடக்கு நாற்காலி, நரம்பறுந்த பேட்மிண்டன் மட்டை, ஒருகாலத்தில் சிமென்டாக இருந்து இப்போது கல்லாகிவிட்ட அரை மூட்டை, அலுவலகத்தில் ஒதுக்கிய பழைய தண்ணீர் மீட்டர்கள் பன்னிரண்டு. இவை அனைத்தையும் தம் தோளிலேயே சுமந்து காற்று பிடிக்கும் இடத்தின் ஓரத்தில் அடுக்கினார்.

நடுவர் கேட்டார்: "மாமா, அக்கா ஓட்டும்போது இதெல்லாம் உள்ள இருந்துச்சே?"

"விதியில டிக்கியப் பத்திப் பேச்சே இல்லயே மாப்ள," என்றார் மன்னர். அரசியல் நுட்பம் அறிந்தோர் இவ்விடத்தில் தலைதாழ்த்துக.

செருப்பைக் கழற்றினார்; அதுவும் எடைதானே. டயரை ஓர் உதை உதைத்தார்; "கல்லு!" என்று தீர்ப்பளித்தார். ஏசியை அணைத்தார். காற்று உள்ளே புகுந்து வண்டியைப் பின்னிழுக்கும் என்று நான்கு கண்ணாடிகளையும் ஏற்றினார். சூளையினுள் அடைபட்ட இரு செங்கற்கள்போல் மாமனும் மாப்பிள்ளையும் வெளிவட்டச் சாலையில் ஏறினர்.

ஆங்கே அவர் புரிந்த வீரச்செயல்களை என்னென்று உரைப்போம்! வைக்கோல் ஏற்றிய லாரியின் முதுகை ஒட்டி, அதன் காற்றுமறைவில், லாரிக்காரரின் சாபமொழிகளே கொடியெனப் பறக்கப் பதினொரு கிலோமீட்டர் சென்றார். மேம்பாலத்தின் இறக்கம் கண்ட மாத்திரத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, வானவீதியில் மிதக்கும் கருடனைப்போல் கண்களைப் பாதி மூடினார். நடுவரின் வலக்கால் தரைவிரிப்பைத் துளைத்தது.

"மாமா, கியர்ல போடுங்க! கியர்லயே கால எடுத்தா இன்ஜின் தானா பெட்ரோல நிறுத்திடும். நியூட்ரல்லதான் அது சும்மா குடிச்சிட்டே இருக்கும். பிரேக்கும் முழுப் பாரத்தத் தாங்கணும்!"

"மாப்ள, நீ ஸ்கூல். நான் சாலை."

ஐம்பத்து நான்கு கிலோமீட்டரில் நாற்பத்து மூன்று முறை மிதித்தபின், சட்டை பிழியும் ஈரத்தோடு நடுவர் பங்க்கில் இறங்கினார். இறங்கிய பின்னும் அவர் வலக்கால் தரையை ஒருமுறை மிதித்துப் பார்த்தது.

இப்போது கேண்மின், போரின் உச்சத்தை. அதே குழாய். அதே அண்ணன். எண்கள் ஓடின. 'டிக்.'

இரண்டு புள்ளி ஆறு.

அம்மையார் மீட்டரைப் பார்த்தார். நோயாளிக்கு மருந்தளவு போடும் மனக்கணக்கில் அதை அரை நொடியில் அறிந்தார்: நூறு மில்லியில் தோல்வி. நாளை திங்கள். நாலரைக்கு அலாரம். முதல் பஸ். இரண்டாம் பஸ்ஸின் படிக்கட்டுக் கம்பி. கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தபடி, தோற்றவர் சொல்ல வேண்டியதைச் சொல்ல வாய் திறந்தார்.

"கட் ஆயிடுச்சு சார். போதுமா?" என்றார் பெட்ரோல் போடும் அண்ணன்.

ஐயகோ! வெற்றித்திருமகள் மாலையை ஏந்தி, நம் தலைவரின் கழுத்துக்கு நான்கு விரற்கடை தொலைவில் நின்றாள். அவர் செய்ய வேண்டியதெல்லாம் ஒரு சொல் சொல்வதே. ஆனால் பதினைந்தாண்டுப் பகை அந்த ஓசையைக் கேட்டதும், பறைகேட்ட போர்க்களிறுபோல் அவருள் பிளிறி எழுந்தது.

"போதுமாவா? யார்கிட்ட கேக்குறீங்க? ரவுண்டா அஞ்சு லிட்டர் போடுங்க!"

"ஏங்க, ஒரு நிமிஷம், நான் சொல்றத..."

"நீ பேசாத. தோக்கப்போறவங்க பேசக்கூடாது."

"மாமா, டிக் அடிச்சப்புறம்..."

"மாப்ள, நீ ஓட்டச் சொல்லிக் குடுக்குறவன். போடச் சொல்லிக் குடுக்குறவன் இல்ல."

என்று இருவரையும் ஒரே மூச்சில் வீழ்த்திய தலைவர், வண்டியின் பின்புறம் சென்று, மதங்கொண்ட யானை கோட்டைக் கதவை முட்டுவதுபோல் தம் இடுப்பால் அதனை முட்டினார். வண்டி ஆடிற்று. டேங்க்கின் உள்ளே ஒளிந்திருந்த காற்று குமிழ் குமிழாக நாடுவிட்டோடிற்று. டிக். மீண்டும் முட்டினார். மூன்று. டிக். முட்டினார். நான்கு. புதிதாகக் காற்று பிடிக்க வந்த வேறு இரண்டு ஸ்கூட்டர்காரர்கள் பிடித்து முடித்தும் போகாமல் நின்றனர். நான்கு புள்ளி எட்டில் பெட்ரோல் டேங்க்கின் கழுத்தில் தளும்பி, கதவோரமாய் ஒரு கோடாக வழிந்தது. பெட்ரோல் போடும் அண்ணன் துளித்துளியாகச் சொட்ட விட்டு ஐந்தைத் தொட்டார். தலைவர் நெற்றி வியர்வையைத் துடைத்து, திசை எட்டும் பார்த்து, "இதுதான் முழு டேங்க்!" என்றார்.

நடுவர் கைபேசியில் கணக்கிட்டார். மீண்டும் கணக்கிட்டார்.

"லிட்டருக்கு அக்கா இருபது. மாமா... பத்து புள்ளி எட்டு."

தலைவர் கைபேசியை வாங்கித் தாமும் ஒருமுறை கணக்கிட்டார்.

முதலில் பேசியவர் அம்மையார். "டிக் அடிச்சப்ப ரெண்டு புள்ளி ஆறுதான் இருந்துச்சு. அதத்தான் சொல்ல வந்தேன். அத வச்சுப் பாத்தா நீங்கதான் ஜெயிச்சீங்க."

"ஆமா மாமா," என்றார் நடுவர், உண்மை அவரையும் விடவில்லை. "அதுக்கு மேல ஊத்தினத வண்டி எரிக்கல. பெட்ரோல் சூட்டுல விரியறதுக்கும் ஆவி நிக்கறதுக்கும் விட்ட இடம் அது. அங்க ஊத்தினா ஆவியப் பிடிக்கிற டப்பாதான் கெடும். டிக் அடிச்சா டேங்க் நெறஞ்சுதுன்னு அர்த்தம். அத மட்டும் ஒத்துக்குங்க, சாவி உங்களுது."

இரண்டு மகுடங்கள் தலைவர்முன் வைக்கப்பட்டன, தலையோ ஒன்றே. சாவி வேண்டுமாயின் டிக்கை ஏற்க வேண்டும். டிக்கை ஏற்பின், பதினைந்தாண்டுகளாகப் பங்க் பங்க்காக நின்று இடுப்பால் முட்டிய ஒவ்வொரு முட்டும், அலுவலகத்தில் அதுகுறித்து ஆற்றிய ஒவ்வொரு உரையும் வீணாகும். அவர் மனைவியைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். கதவோரம் வழிந்து காய்ந்துகொண்டிருந்த கோட்டைப் பார்த்தார். ஸ்கூட்டர்காரர்கள் இன்னும் நின்றார்கள்.

"டிக்குக்கு மேலதான் முழு டேங்க்," என்றார் இறுதியில். "அஞ்சு லிட்டர்னா அஞ்சு லிட்டர்தான். வண்டி குடிச்சிருக்கு. நான் தோத்துட்டேன்."

இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றி நீட்டினார். அம்மையார் உடனே வாங்கவில்லை. "நெஜமாவா?" என்றார். அவர் தலையாட்டினார். அதன்பின்தான் வாங்கினார். நான்கு கண்ணாடிகளையும் இறக்கி விட்டும் வீடுவரை பெட்ரோல் நாற்றம் போகவில்லை. மறுநாள் விடியலில் அம்மையார் ஓட்டுநர் இருக்கையை இரண்டு பல் முன்னால் நகர்த்திக்கொண்டு, உட்கார்ந்தபடியே வேலைக்குச் சென்றார்.

தலைவரோ தளர்ந்தாரல்லர். நாடிழந்தும் கொள்கை இழவாத கோமகனாய், திங்கள் புதன் வெள்ளியில் பன்னிரண்டு நிமிடம் நடந்து, மூன்றாம் பிரிவின் மின்விசிறிகளின் கீழே நின்று, டிக்கின் வஞ்சகத்தையும், அதற்கு மேல் கிடக்கும் குளத்தின் ஆழத்தையும், கொள்கைக்காகச் சாவியைத் துறந்த தம் தியாகத்தையும் முன்னிலும் உரக்க முழங்கினார். அம்முழக்கம் கேட்டுத் தட்டச்சர்கள் விரல் நிறுத்தினர், கோப்புகள் தூசி உதிர்த்தன, புதிதாகக் கார் வாங்கிய இளநிலை உதவியாளர் ஒருவர் குறிப்பெடுத்தே விட்டார். இமயம் சாயினும், கடல் வற்றினும், ஞாயிறு திசைமாறினும், அப்பெருந்தகை ஒரு டிக்குக்குத் தலைவணங்கார் என்று மூன்றாம் பிரிவு முழுதும் ஒருமனதாக நம்பிற்று.

அடுத்த வாரம் வியாழக்கிழமை, ஆபீஸிலிருந்து தள்ளியிருந்த வேறொரு பங்க்கில், முதல் டிக் கேட்டதும் அவர், "போதும்ணே," என்றார்.