மண்ணும் உழைப்பும் குழுவைக் கலைப்பது எப்படி?

"கலைச்சிடலாம்" என்று செயலாளர் சொன்னதும் மற்ற மூவரும் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்கள். அங்கே மின்விசிறி போடும் வழக்கம் இல்லை. நிலக்கரியை எரித்து எடுத்த மின்சாரத்தில் வரும் காற்று வேண்டாம் என்பது குழுவின் நிலைப்பாடு. ஆகவே நால்வரும் வேர்த்து வடிய உட்கார்ந்திருந்தார்கள்.

'மண்ணும் உழைப்பும்' குழுவில் மொத்தமே அந்த நால்வர்தான். செயலாளர், ஓய்வுபெற்ற தபால்காரர், ஒரு நர்ஸ், ஒரு சைக்கிள் கடைக்காரர். தொழிலாளியின் வயிற்றில் அடிக்கிறவனும் ஆற்றில் சாயத்தைக் கலக்கிறவனும் ஒரே ஆள்தான் என்பது அவர்கள் கொள்கை. இடதுசாரிகள் எல்லாம் சேர்ந்த பெரிய கூட்டணியில் அவர்களும் ஓர் அங்கம். கூட்டணி அலுவலகத்தின் மாடிப்படிக்கு அடியில், கொடிக்கம்புகள் போட்டுவைக்கும் இடத்தை அவர்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஞாயிறுதோறும் மதியம் அங்கே கூடுவார்கள்.

குழுவைச் செயலாளரும் அவர் மனைவியும் சேர்ந்துதான் தொடங்கினார்கள். அவள் பேசுவாள், இவர் தலையாட்டுவார். முதல் கூட்டத்திலிருந்தே இவருக்குக் கொட்டாவிதான். ஆனால் அவள் முகம் வாடக்கூடாதே. போன மழைக்காலத்தில் அவள் இறந்தாள். அவள் உட்கார்ந்த நாற்காலி இவருக்கு வந்தது. சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது அவருக்கு வேண்டியது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகளுக்குச் சின்ன சைக்கிள் ஒன்று வாங்கியாகிவிட்டது. சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓட ஆள் வேண்டும். வீட்டில் இருக்கும் மாமியாருக்கு முட்டிவலி.

"நாலு பேரும் ஒத்துக்கிட்டாத்தானே தம்பி கலைக்க முடியும்?" என்றார் தபால்காரர் கடைசியில். "அந்தப் பொண்ணு உண்டாக்கினது. அதுக்கு என் கை மேல எழும்பாது."

மற்ற இருவரும் தரையைப் பார்த்தார்கள். செயலாளரும் பார்த்தார். தீர்மானம் தோற்றது.

மறுவாரம் அவர் கூட்டணித் தலைவரைத் தனியாகப் போய்ப் பார்த்தார். எங்களைப் பெரிய கட்சியோடு சேர்த்துக்கொள்ளுங்கள், தனிக்குழு வேண்டாம் என்றார். தலைவர் ஆடிப்போய்விட்டார்.

"நம்ம சிவப்புக் கொடியில மூலையில ஒரு பச்சை இலை இருக்கில்ல, அது யாரு? நீங்கதான். நீங்க போயிட்டா இலையும் போகணும். எத்தனை கொடி, எத்தனை சுவர்னு தெரியுமா உங்களுக்கு? வெள்ளையடிக்கவே ஆள் கிடைக்காது."

மாடிப்படி அறையால்தான் மனம் நொந்திருக்கிறார் என்று தலைவராகவே முடிவு கட்டினார். ஜன்னல் வைத்த அறை கொடுத்தார். போதாததற்குத் தேர்தல் அறிக்கைக் குழுவிலும் ஓர் இடம். அது சனிக்கிழமைகளில் கூடும்.

செயலாளர் யோசித்தார். கலைக்கத்தான் நால்வரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருவனைத் துரத்துவதற்குக் கோபம் போதும்.

அடுத்த ஞாயிறு, பக்கத்துவீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கி, கரும்புகை கக்கக் கக்க வந்து இறங்கினார். கையில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்கள். தோளில் சுருட்டிய பிளாஸ்டிக் பேனர். அதை அறை முழுக்க விரித்தார். 'பூமியைக் காப்போம்' என்று கொட்டை எழுத்தில் அடித்திருந்தது. பாட்டிலைத் திறந்து எல்லோருக்கும் தெரியும்படி குடித்துவிட்டு, திட்டு விழும் என்று காத்திருந்தார்.

தபால்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நர்ஸ் அவர் காதருகே குனிந்து, துக்கம் சிலருக்கு இப்படித்தான் வெளியே வரும், வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன் என்றாள். செயலாளரை மன்னிப்பது என்று முடிவாயிற்று. குழுவின் சரித்திரத்தில் விவாதமே இல்லாமல் நிறைவேறிய முதல் தீர்மானம் அது.

சைக்கிள் கடைக்காரர் மட்டும் பேனரைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல கெட்டியா இருக்கே. ரெண்டா மடிச்சுத் தைச்சா ஒழுகுற கூரைக்குப் போடலாம். கூட்டணி ஊர்வலம் முடிஞ்சதும் இந்த மாதிரி எவ்வளவு குப்பையில போகுது? தோழர் சொல்லாம சொல்லிக் காட்டியிருக்கார். நமக்குத்தான் உறைக்கல."

விஷயம் மாடிக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் தலைவரே இறங்கி வந்து செயலாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பழைய பேனர்களைச் சேகரித்துக் குடிசைகளுக்குக் கூரைவிரிப்பு தைத்துக்கொடுக்கும் திட்டம் அங்கேயே தயாரானது. பொறுப்பாளர் யார் என்று யாரும் கேட்கவில்லை. புதன்கிழமை மாலைகளில் தையல்.

செயலாளர் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு திரும்பினார். பெட்ரோல் தீர்ந்திருந்தது.

தெருவில் மாமியார் ஒரு கையால் சைக்கிள் சீட்டையும் மறு கையால் தன் முட்டியையும் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்துகொண்டிருந்தார். "நடக்கக் கூடாது, ஓடணும்" என்று மகள் மேலிருந்து அதட்டிக்கொண்டிருந்தாள்.

செயலாளர் வண்டியை நிறுத்திவிட்டு மகளின் சைக்கிள் சீட்டைத் தான் வாங்கிக்கொண்டார். மாமியார் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"என்ன மாப்பிள்ளை, முகம் இப்படிப் போயிருக்கு?"

இத்தனை மாதத்தில் இதை அவர் வீட்டில் சொன்னதே இல்லை. இன்றைக்கு மறைக்கக்கூடத் தெம்பில்லை.

"குழுவைக் கலைச்சிட்டு வரலாம்னு போனேன் அத்தை. வாரத்துல ஒரு நாளா இருந்தது மூணு நாளாயிடுச்சு. எனக்கு என்னைக்குமே அதுல பிடிப்பு கிடையாது. அவளுக்கு அதுல உயிர். அவளுக்காகத்தான் போனேன், இன்னமும் போயிட்டிருக்கேன்."

மாமியார் முட்டியை நீவுவதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லா இருக்கு மாப்பிள்ளை. 'அவருக்கு அதுல உயிரும்மா, நான் வரலேன்னா ஒடிஞ்சிடுவாரு'ன்னு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் என்கிட்ட புலம்பிக்கிட்டேதான் அவ செருப்பு மாட்டுவா."